ஏரிக்கரையில் கூடாரம், கையில் குழந்தை: டெல்டாவிலிருந்து மலையேறும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. திருவாரூர்ப் பக்கம் சம்பாப் பயிர் கதிர் வாங்கிக்கொண்டிருக்கிறது. வயலில் பெரிய வேலை கிடையாது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது. அப்போதுதான் செல்போனில் அந்த வீடியோ வந்து நிற்கும். பனி படர்ந்த ஏரி, கரையில் ஒரு மஞ்சள் கூடாரம், வாசலில் கரி அடுப்பு, போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு மூன்று வயதுக் குழந்தை.

"ஏங்க, புள்ளைக்கு ஒத்துக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. ரெண்டு போர்வை சேத்து எடுத்துக்கிட்டாப் போச்சு."

டெல்டாவின் பல வீடுகளில் இந்தப் பேச்சு இவ்வளவோடு முடிந்து, மறுநாள் விடியற்காலையில் வண்டி கிளம்பிவிடும். ஓட்டல் அறையில் தங்குவதென்றால் இரண்டு போர்வை போதும். கூடாரத்தில் தங்குவதென்றால் போதாது. சின்னப் பிள்ளையோடு மலையில் கூடாரம் போடவே கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்று, இரவு தூங்கும் இடம் ஏரிக்கரையாக இருக்கக் கூடாது. இரண்டு, எவ்வளவு குளிரினாலும் நெருப்பு கூடாரத்துக்குள் வரக் கூடாது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே பகல் பயணத்தில் எத்தனை டிகிரி இறங்குகிறோம்?

திருவாரூர் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே இருக்கிறது. தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போனால் கொடைக்கானல். அதன் உயரம் சுமார் 2,100 மீட்டர், அதாவது 7,000 அடி. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அந்தக் கணக்கில் வீட்டுக்கும் மலைக்கும் இடையே 13, 14 டிகிரி வித்தியாசம்.

மார்கழியில் திருவாரூரில் இரவு 20, 21 டிகிரிக்கு வந்தாலே ஊர் முழுக்க மஃப்ளர் கட்டிக்கொள்ளும். ஜனவரியில் கொடைக்கானலின் சராசரி இரவு வெப்பநிலை 8 டிகிரி அளவில் இருக்கும். சில நாட்களில் அதற்கும் கீழே போகும். பெரியவர்கள் உடம்பே இதற்குப் பழக இரண்டு மூன்று நாள் கேட்கும். பிறந்ததிலிருந்து மின்விசிறிக் காற்றில் தூங்கிய குழந்தைக்கு இது வேறு உலகம்.

ஒரு ஆறுதல்: மூச்சுத்திணறல், தலைவலி என்று உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் கவலைக்குரியது. கொடைக்கானலும் ஊட்டியும் அதற்குக் கீழே. மலைப்பாதையில் குழந்தைக்குக் காது அடைத்து அழுகை வரலாம். தாய்ப்பாலோ, தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தால் விழுங்கும்போது காது திறந்துகொள்ளும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியும் வரும். 'மலை ஏறினா வாந்தி வரும்' என்ற பழக்கம்தான் பிறகு ஒரு ஆபத்தை மறைக்கப்போகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஏரிக்கரை மட்டும் ஏன் கூடுதலாகக் குளிர்கிறது?

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உருவானது அல்ல. மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைநீரைத் தேக்கி உருவாக்கியது. நட்சத்திர வடிவம், சுமார் 60 ஏக்கர் பரப்பு. திருவாரூர்க் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஒன்பது வேலி. ஐந்து வேலிப் பரப்புள்ள கமலாலயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

தண்ணீர் தேங்கும் இடம் என்றால் அது பள்ளம். மலையில் எந்த ஏரியும் சுற்றிலும் சரிவுகள் சூழ்ந்த பள்ளத்தில்தான் இருக்கும். தண்ணீர் மட்டுமல்ல, குளிர்ந்த காற்றும் பள்ளத்தைத் தேடித்தான் வரும். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகும். கனமான காற்று சரிவில் வழிந்து கீழே வந்து தேங்கும். மேட்டிலிருந்து மடை வழியாகத் தண்ணீர் தாழ்ந்த வயலுக்கு இறங்குவதைப் போலத்தான். அதனால்தான் குளிர்காலக் காலைகளில் கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிய புல்வெளியும் ஜிம்கானா பகுதியும் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கின்றன. அதே நேரத்தில் மேட்டிலிருக்கும் வீடுகளில் குளிர் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வானிலைச் செய்தியில் சொல்லும் வெப்பநிலை, தரைக்கு மேலே ஆளுயரத்தை ஒட்டி அளப்பது. அங்கே 4 டிகிரி என்றால், புல்லின் மேல் பூஜ்யத்தைத் தொட்டிருக்கலாம். கூடாரத்தில் படுக்கும் குழந்தை ஆளுயரத்தில் தூங்குவதில்லை, புல்லின் மேல் தூங்குகிறது.

ஏரிக்கரையின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். நாலு பேர் மூச்சு விட்டாலே கூடாரத் துணியின் உள்பக்கம் நீர் கோத்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகப் போர்வையில் விழும். காற்றுத் திறப்பை மூடினால் இது இன்னும் அதிகமாகும்.

ஆக, பகலில் பார்க்க அழகான இடம், இரவில் அந்த மலையிலேயே குளிரும் ஈரமும் மிகுந்த இடம். கரையிலிருந்து தள்ளி, சரிவில் கொஞ்சம் மேலே, காற்றுக்கு மறைவான சமதளம்தான் தூங்க ஏற்றது. அதற்காக ஓடை வரும் பாதையில் போட்டுவிடக் கூடாது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருவாரூருக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி அது. மலையில் காய்ந்து கிடக்கும் ஓடையை நம்பக் கூடாது. வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி.

நமக்குக் குளிராதபோதும் பிள்ளைக்கு ஏன் குளிர்கிறது?

சின்னக் கிண்ணத்தில் ஊற்றிய ரசம் சீக்கிரம் ஆறும், அண்டாவில் இருக்கும் ரசம் நேரமாகும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் வெப்பம் வேகமாகப் போகிறது. தலையும் உடம்போடு ஒப்பிடும்போது பெரியது. கைக்குழந்தைகளுக்கு நம்மைப் போல நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவும் தெரியாது. போர்வை விலகினால் இழுத்துப் போர்த்திக்கொள்ளவும் தெரியாது, குளிர்கிறது என்று சொல்லவும் தெரியாது.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மருத்துவர்கள் அதைத் தாழ்வெப்பநிலை என்கிறார்கள். அதற்கு உறைபனி தேவையில்லை. ஈரத் துணியும் காற்றும் இருந்தால் 10 டிகிரியிலேயே வரலாம்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

நடக்கும் வயதுக் குழந்தை நடுங்குவது, கை விரல் பிடிமானம் தளர்வது, பேச்சு குழறுவது, தடுமாறி நடப்பது. கைக்குழந்தை என்றால் தோல் சிவந்து ஜில்லென்று இருப்பது, பால் குடிக்க மறுப்பது, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து அமைதியாகக் கிடப்பது.

கையும் காலும் ஜில்லென்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கழுத்துக்குப் பின்னாலும் நெஞ்சிலும் வயிற்றிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஜில்லிட்டிருந்தால் காத்திருக்கக் கூடாது. நடுங்கிக்கொண்டிருந்த குழந்தை நடுக்கம் நின்று தூங்கி வழிந்தால், 'குளிர் விட்டுப்போச்சு, தூங்கட்டும்' என்று விட்டுவிடுவதுதான் பெரிய தப்பு. அது நிலைமை மோசமாகியிருப்பதன் அடையாளம்.

அப்போது செய்ய வேண்டியது: ஈர உடையை, நனைந்த டயாப்பரையும் சேர்த்து, உடனே கழற்ற வேண்டும். அம்மாவோ அப்பாவோ தன் வெற்று நெஞ்சோடு குழந்தையை அணைத்து, மேலே போர்வை போர்த்திக்கொள்ள வேண்டும். விழிப்பாக இருந்தால் வெதுவெதுப்பான பால் கொடுக்கலாம். கைகால்களைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது, சுடுநீரில் இறக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. தளர்வான போர்வையும் தலையணையும் முகத்தை மூடி மூச்சை அடைக்கலாம் என்பதால், அந்த வயதில் அவை இல்லாமல் தூங்கவைப்பதே பாதுகாப்பு என்பது குழந்தைநல மருத்துவத்தின் பொது அறிவுரை. குளிருக்குப் போர்வை வேண்டும், மூச்சுக்குப் போர்வை ஆகாது. இரண்டும் மோதும் இடம் கூடாரம். கைக்குழந்தை இருந்தால் அந்தக் குளிர்காலத்தில் சுவரும் கூரையும் உள்ள அறைதான் நல்லது. கூடாரம் அடுத்த வருடமும் இருக்கும்.

கரி அடுப்பு: குளிரைவிடப் பெரிய ஆபத்து

இரவு பதினொரு மணி. குழந்தை குளிரில் சிணுங்குகிறது. வெளியே கோழி சுட்ட அடுப்பில் கனல் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. புகைகூட இல்லை. 'கொஞ்ச நேரம் உள்ளே வைப்போம், கதகதன்னு இருக்கும்' என்று தோன்றுவது இயல்பு. இந்த இடத்தில்தான் உயிர் போகிறது.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற திருச்சியைச் சேர்ந்த இளைஞர்கள் இருவர் தங்கிய அறையில் காலையில் இறந்து கிடந்தனர். இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கியிருந்தார்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில் கேரளத்தைச் சேர்ந்த இரண்டு குடும்பங்களின் எட்டுப் பேர் ஒரே அறையில் உயிரிழந்தனர். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். கடும் குளிருக்காகப் பூட்டிய அறைக்குள் எரிவாயு ஹீட்டரைப் போட்டிருந்தார்கள்.

இரண்டு இடத்திலும் வேலை செய்தது ஒரே வாயு: கார்பன் மோனாக்சைடு. கரி, விறகு, எரிவாயு எதுவும் போதிய காற்றில்லாமல் எரியும்போது வெளிவருவது. நிறம் இல்லை, மணம் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்காது. தூங்குகிறவர் விழிக்காமலே மயங்கிவிடுவார். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் தாக்கும்.

புகை அடங்கிய கனல் பாதுகாப்பானது என்பது தவறான நம்பிக்கை. அணையும் நிலையிலுள்ள கரிதான் இந்த வாயுவைத் தாராளமாக விடும். 'ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கலாம்' என்பதும் பாதுகாப்பு இல்லை. பனியில் நனைந்த கூடாரத் துணி காற்றை எளிதில் விடாது. கரி அடுப்பு, கேஸ் ஸ்டவ், மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் கூடாரத்துக்குள் கூடாது, வாசல் மறைப்புக்குள்ளும் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள் தூங்குவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. இதுபோக, கூடாரத் துணி நைலான் வகை. ஒரு பொறி போதும், உருகித் தோலில் ஒட்டும்.

அடையாளங்கள்: தலைவலி, குமட்டல், வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம். மலைப்பாதை வாந்தியைப் போலவே இருக்கும். குடும்பமே குழப்பிக்கொள்வது இங்கேதான். ஒரே கூடாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைவலி வந்தாலோ, வெளியே போனதும் சரியாகி, உள்ளே வந்ததும் திரும்பினாலோ சந்தேகப்பட வேண்டும். உடனே எல்லோரும் வெளியே வந்து, 108-ஐ அழைத்து, 'உள்ளே கரி எரிந்தது' என்று மறக்காமல் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து '98 காட்டுது' என்று நிம்மதி அடையக் கூடாது. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஒட்டிய ஹீமோகுளோபினும், கார்பன் மோனாக்சைடு ஒட்டியதும் ஒன்றுபோலத் தெரியும். உயிருக்குப் போராடும்போதும் அது நல்ல எண்ணையே காட்டலாம்.

அப்படியானால் சூட்டுக்கு என்ன வழி?

கூடாரம் சூட்டை உண்டாக்காது. உடம்பின் சூட்டைத் தப்பவிடாமல் வைத்திருப்பதுதான் வழி. டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. வைக்கோல் போருக்குள் கையை விட்டால் கதகதப்பாக இருக்கும். வைக்கோல் தாள்களுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. கம்பளி, ரஜாய், ஃபோம் மெத்தை எல்லாம் செய்வது அதே வேலை.

முதலில் கீழே. மேலே எத்தனை போர்வை போட்டாலும், ஈரத் தரை முதுகு வழியாகச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கோரைப் பாய் நம் ஊரில் உடம்பைக் குளிர்ச்சியாக வைத்திருக்கவே பயன்படுகிறது. மலையில் அது மட்டும் போதாது. தரையில் தார்ப்பாய், அதன்மேல் தடித்த ஃபோம் விரிப்பு, அதன்மேல் கம்பளி. காற்றடைக்கும் சாதாரண மெத்தைக்குள் காற்று புரண்டுகொண்டே இருப்பதால், அதன்மேலும் ஒரு ஃபோம் தேவை.

அடுத்து உடை. பருத்தி நனைந்தால் சூட்டைக் காக்காது, கம்பளி ஓரளவு காக்கும். பகல் முழுக்க ஓடி விளையாடிய சட்டையில் வியர்வை இருக்கும். தூங்கும் முன் உள்ளாடை, சாக்ஸ் வரை முழுக்கக் காய்ந்த உடைக்கு மாற்ற வேண்டும். ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. தலைக்குக் குல்லா. இரவில் உடம்பு வியர்த்தால் ஒரு அடுக்கைக் குறைக்க வேண்டும். வியர்வையே பிறகு குளிராகும்.

முகாமில் கொடுக்கும் ஸ்லீப்பிங் பேக் பெரியவர்களுக்கான அளவு. அதில் எழுதியிருக்கும் டிகிரியும் பெரியவர்களுக்கானதே. சின்ன உடம்பைச் சுற்றி வெற்றிடம் அதிகமானால் சூடு நிற்காது. நடக்கும் வயதுக் குழந்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் படுப்பதே சிறந்த ஏற்பாடு. அது அப்பாயி காலத்து வழக்கம்தான்.

வயிறும் முக்கியம். உடம்பு சூட்டை உண்டாக்கச் சாப்பாடு வேண்டும். மலையில் இன்னொரு வேடிக்கை: 2,100 மீட்டரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பொன்னி அரிசி வெந்து முடிய வீட்டைவிட நேரமாகும். 'சோறு வேகவே மாட்டேங்குது' என்று அரிசியைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு சின்ன குக்கர் எடுத்துப் போனால் தீர்ந்தது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தால், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். பால் பவுடர் கலக்குவதற்கும் இதே தண்ணீர்தான்.

படித்துறை இல்லாத தண்ணீர்

டெல்டாப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பழக்கம். ஆறு, வாய்க்கால், குளம் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தத் தைரியமே மலை ஏரியில் ஆபத்து. கமலாலயத்துக்குப் படி உண்டு, எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியும். மலை ஏரிக்கரை பல இடங்களில் சேறும் நீர்க்களையும் மூடிய சரிவு. கால் வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது. தண்ணீர் திடீரென்று ஜில்லென்று மேலே பட்டால் உடம்பு தன்னையறியாமல் பெரிதாக ஒரு மூச்சை இழுக்கும். அந்த மூச்சு தண்ணீருக்குள் போனால் நீச்சல் தெரிந்தவருக்கும் கஷ்டம்.

மூழ்கும் குழந்தை கத்தாது, கைதட்டிக் கூப்பிடாது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடந்துவிடும். அதனால் கரையில் இருக்கும் நேரம் முழுக்கக் குழந்தை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 'எல்லாரும் பாத்துக்கிட்டுதானே இருக்கோம்' என்பது யாருமே பார்க்கவில்லை என்பதற்குச் சமம். இந்த அரைமணி நேரம் அப்பா, அடுத்த அரைமணி நேரம் சித்தப்பா என்று பேர் சொல்லிப் பொறுப்பு கொடுப்பது நல்லது. படகில் குழந்தையின் அளவுக்கான லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் ஏறக் கூடாது.

எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது?

வீடியோவில் பார்க்கும் 'நினைத்த இடத்தில் கூடாரம்' தமிழ்நாட்டு மலைகளில் பெரும்பாலும் சட்டப்படி முடியாது. கொடைக்கானலைச் சுற்றிய காடுகளில் பெரும்பகுதி 2013-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலும் காப்புக் காட்டிலும் அனுமதியில்லாமல் நுழைவதும் தங்குவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும் பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வாங்கிப் பகலில் போய்வரலாம், குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வண்டிகள் விடுவார்கள், இரவு தங்க முடியாது. அது பெரியகுளம் மக்களுக்குக் குடிநீர் தரும் ஏரியும்கூட.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் கசப்பான அனுபவங்கள் இருக்கின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகே மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளை அரசு கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் கேரளத்தின் வயநாடு மேப்பாடியில், கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு சுற்றுலாப் பயணி யானை தாக்கி இறந்தார். இரவில் விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் இடம் எது? ஏரிக்கரைதான். கொடைக்கானலில் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே நடமாடுகின்றன. ஏரிக்கரையைத் தவிர்க்க இது மூன்றாவது காரணம். மிச்சச் சாப்பாடு, பழம், பிஸ்கட் எதையும் தூங்கும் கூடாரத்தில் வைக்கக் கூடாது. வாசனைக்குப் பன்றியும் கரடியும் வரும்.

பட்டா நிலத்தில் முகாம் நடத்துகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் முன்பணம் கட்டும் முன் சில கேள்விகள் கேட்கலாம். சுற்றுலாத் துறையில் பதிவு இருக்கிறதா? முகாம் நடத்துவோருக்கு அப்படி ஒரு பதிவு முறை இருக்கிறது. இரவில் குழந்தைக்கு முடியவில்லை என்றால் மாறிக்கொள்ள உள்ளேயே ஓர் அறை உண்டா? வண்டி கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிற்குமா? செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கும்? அரசு மருத்துவமனைக்கு இரவில் எவ்வளவு நேரம்? மன்னவனூர், கூக்கால் மாதிரி மேல்மலைக் கிராமங்களிலிருந்து கொடைக்கானல் வருவதற்கே நேரம் பிடிக்கும். இதற்கெல்லாம் தெளிவான பதில் இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம். அனுமதியில்லாத கூடாரங்களை அதிகாரிகள் அவ்வப்போது அகற்றுகிறார்கள். குழந்தையோடு நடுராத்திரியில் இடம் தேடும் நிலை வந்துவிடக் கூடாது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டது. விதிகள் சீசனுக்குச் சீசன் மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலும், தண்ணீர் கேனும் எடுத்துப் போனால் பிரச்சினை இல்லை.

முதல் தடவை என்றால்?

முதல் கூடார இரவை நேராக 7,000 அடியில் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், கொல்லிமலை அதைவிடவும் தாழ்வு. இரண்டு இடத்திலும் ஏரியும் படகும் உண்டு. கொடைக்கானலைவிட நாலைந்து டிகிரி கதகதப்பு. டிசம்பர், ஜனவரிக்குப் பதில் சம்பா அறுவடை முடிந்து கோடை தொடங்கும் மார்ச் கடைசியைத் தேர்ந்தெடுத்தால் உறைபனியும் இருக்காது, மே மாதக் கூட்டமும் இருக்காது. பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தை என்றால் இந்த வசதி பெரிது.

அதற்கும் முன்னால் ஒரு ஒத்திகை. மார்கழியில் ஒரு சனிக்கிழமை இரவு, வீட்டு மொட்டைமாடியில் அதே கூடாரத்தை, அதே விரிப்பை, அதே உடையைப் போட்டுத் தூங்கிப் பார்க்கலாம். இருட்டில் ஜிப் திறக்க வருகிறதா, குழந்தை போர்வையை உதைத்துத் தள்ளுகிறதா, ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தால் டார்ச் எங்கே இருக்கிறது, விடியற்காலையில் துணியில் எவ்வளவு நீர் கோத்திருக்கிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். 21 டிகிரியிலேயே குழந்தை மூன்று தடவை எழுந்து அழுதால், 8 டிகிரிக்கு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். அப்போது மாடிப்படி இறங்கினால் வீடு. மலையில் அந்த வசதி கிடையாது.

மலையில் இரவு முடியவில்லை என்று தோன்றினால் கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு அறைக்கு மாறிவிட வேண்டும். கட்டிய பணத்தை நினைத்து விடியும்வரை தாங்கிக்கொள்வது பெரியவர்களால் முடியலாம். குழந்தை தன்னால் தாங்க முடியவில்லை என்று சொல்லும் நேரத்தில் ஏற்கெனவே தாமதமாகியிருக்கும்.

காலையில் வெயில் ஏறியதும் பனி கலைந்துவிடும். அப்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்து போகலாம். வீடியோவில் பார்த்த அதே ஏரிதான் அங்கே இருக்கும்.